பொழைச்சாச்சுல்ல, அப்புறம் என்ன?

நம்ம ஊர்ல கேன்சர் வைத்தியம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்ககிட்ட சொல்றதுக்குன்னே நாலு டயலாக் ரெடியா இருக்கு. "உயிர் பொழைச்சதே பெரிய விஷயம்." "ரெஸ்ட் எடுங்க, ஒரு வேலையும் செய்யாதீங்க." "அந்தக் கையால எதையும் தூக்கிராதீங்க." "இதுக்கு மேல என்ன வேணும், சாமிக்கு நன்றி சொல்லுங்க." நாலையும் நல்ல மனசோடதான் சொல்றாங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா இந்த நாலும் சேர்ந்து நல்லா இருக்கற ஒரு ஆளை எப்படி மூலையில உட்கார வைக்குதுங்கறதைப் பத்தித்தான் இன்னிக்குப் புலம்பப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க மக்கா.

முதல்ல ஒரு எண். 2022-ல மட்டும் இந்தியாவுல புதுசா புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டவங்க சுமார் 14 லட்சம் பேர்னு சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையோட மதிப்பீடு சொல்லுது. அதே வருஷம் புற்றுநோயால இறந்தவங்க சுமார் 9 லட்சம். இந்த ரெண்டு எண்ணும் பேப்பர்ல வரும். வைத்தியம் முடிஞ்சு, உயிரோட இருந்து, சட்டைப் பட்டன் போட முடியாம உட்கார்ந்திருக்கறவங்க எத்தனை பேருங்கற எண் வராது. ஏன்னா அதை யாரும் எண்ணறதில்ல. எண்ணாத விஷயத்துக்கு யாரும் பட்ஜெட் போடறதும் இல்ல. இது எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான்.

பட்டன் போட முடியாதான்னு கேக்கறீங்களா? ஆமா. பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் மாதிரி சில கீமோ மருந்துகள் கை கால் நரம்புகளைப் பாதிக்கும். விரல் நுனி மரத்துப் போகும், பாதத்துல பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கும். கீமோ முடிஞ்ச முதல் மாசத்துல மூணுல ரெண்டு பேருக்கு மேல இந்தப் பிரச்சனை இருக்கு, ஆறு மாசம் தாண்டியும் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு இருக்குன்னு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல வந்த ஒரு அலசல் சொல்லுது. மரத்த விரலுக்குப் பட்டன் எங்க இருக்குன்னு தெரியாது. புடவைக் கொசுவம் நிக்காது. கோலமாவு விரலிடுக்குல கோடா விழாது. சூடான பாத்திரத்தைப் பிடிச்சா சூடுன்னு தெரியறதுக்குள்ள கொப்புளம் வந்திருக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள்ல இருக்கற நிணநீர் முடிச்சுகளை மொத்தமா எடுத்தா, ஏறத்தாழ ஐந்துல ஒருத்தருக்குப் பின்னாடி கை வீங்கும். வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் ஆனவங்களுக்கு தாடை இறுகும். வாய் 35 மில்லிமீட்டருக்குக் கீழதான் திறக்குதுன்னா அதைத் தாடை இறுக்கம்னு கணக்குல எடுக்கறாங்க. மூணு விரலை நெட்டுக்குத்தா வாய்க்குள்ள வெச்சுப் பாருங்க, அந்த அளவு திறக்கலைன்னா சோத்து உருண்டை உள்ள போகாது. கழுத்துல ஆபரேஷன் பண்ணினவங்களுக்குத் தோள் தொங்கிப் போகலாம், மேல் அலமாரியில இருக்கற டப்பாவை எடுக்க முடியாது. இதுக்கெல்லாம் மேல ஒரு களைப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. அதைச் சோம்பேறித்தனம்னு நினைக்கற சொந்தக்காரங்க வேற.

இது எதுவும் ஸ்கேன்ல தெரியாது. ஸ்கேன் ரிப்போர்ட் "கிளியர்".

நம்ம பாஷையில சொல்றேன். சர்வரை பிங் பண்ணினா பதில் வருது, அதனால சிஸ்டம் நல்லாருக்குன்னு டிக்கெட்டை மூடிட்டாங்க. உள்ள லாகின் பண்ண முடியல, ஒரு ஸ்கிரீன் திறக்கல, யூசர் கத்திக்கிட்டிருக்கான். "பிங் வருதுல்ல, அப்புறம் என்ன?"ங்கறாங்க. நம்ம டீம்ல எவனாவது இப்படிப் பண்ணினா மேனேஜர் அவனை உப்புக்கண்டம் போட்டுடுவாரு. உயிருள்ள மனுஷங்களுக்கு மட்டும் இது ஓகேவாம்.

எங்க அத்தை கதையைச் சொன்னாத்தான் விளங்கும். ஜாக்கெட் தைக்கறவங்க. தெருவுல பாதிப் பேருக்கு அவங்க கைதான். மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் மூணும் முடிச்சாங்க. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், வைத்தியத்துல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கட்டி போச்சு. டிஸ்சார்ஜ் சீட்டுல மாத்திரை எழுதியிருந்தது, அடுத்த செக்கப் தேதி எழுதியிருந்தது. கையைப் பத்தி ஒரே ஒரு வரி, அதுவும் வாய்வழியா: "வெயிட் தூக்காதீங்கம்மா." அவ்வளவுதான். மிஷின்ல உட்காரலாமா, கூடாதா? கத்திரி பிடிக்கலாமா? எத்தனை நேரம்? சொல்ல யாரும் இல்ல. கேக்கவும் அவங்களுக்குத் தோணல. உசிரைக் காப்பாத்தின டாக்டர்கிட்ட போய் "ஐயா, நான் எப்ப ஜாக்கெட் தைக்கலாம்?"னு கேட்டா பேராசை மாதிரி இருக்குமாம்.

எட்டு மாசம் மிஷின் மேல துணி போட்டு மூடியிருந்தது. கை வீங்கினதும் வீட்ல எல்லாரும் சேர்ந்து அவங்களை இன்னும் ஓய்வா உட்கார வெச்சாங்க. மருமக சமைச்சா, பேத்தி தண்ணி பிடிச்சா. அன்புதான். ஆனா "உனக்கு இனிமே இங்க வேலை இல்ல"ன்னு தினமும் சொல்ற அன்பு. அப்புறம் யாரோ சொல்லி சென்னையில ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அந்தப் பொண்ணு முதல்ல கேட்ட கேள்வி, "உங்களுக்கு எங்கம்மா வலிக்குது?" இல்ல. "காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செய்வீங்க? அதுல எதை மறுபடி செய்யணும்னு ஆசை?" எங்கத்தை அழுதுட்டாங்க. எட்டு மாசத்துல அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்ல.

பெரிய மாயமெல்லாம் ஒண்ணும் நடக்கல. கைக்கு அளவெடுத்த அழுத்த உறை. தோளுக்கும் கைக்கும் பயிற்சி. ஸ்டூலுக்குப் பதிலா முதுகு சாயற நாற்காலி, மிஷினோட உயரத்துக்குத் தகுந்த மாதிரி. தானே விரியற ஸ்பிரிங் கத்திரி. ஊசி குத்தாம இருக்க அங்குஸ்தான் கட்டாயம், குண்டூசிக்குப் பதிலா கிளிப். விரல் உணராததைக் கண்ணால பார்த்துச் செய்யப் பழக்கம். 20 நிமிஷம் தைச்சா எழுந்து கையை உயர்த்தி ஓய்வு. முன்ன மாதிரி ஒரு நாளைக்கு ஆறு ஜாக்கெட் இல்ல, ரெண்டுதான். ஆனா கணக்கு நோட்டுல மறுபடியும் அவங்க கையெழுத்து.

சரி, ஆக்குபேஷனல் தெரபின்னா என்ன? பேர்லயே குழப்பம். சுருக்கமா ஓ.டி.ன்னு சொன்னா ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர்ங்கறாங்க, எங்க ஆபீஸ்ல ஓவர்டைம்ங்கறாங்க. தமிழ்ல "தொழில்முறை சிகிச்சை"ன்னு மொழிபெயர்த்தா ஏதோ வேலைவாய்ப்பு ஆபீஸ் மாதிரி கேக்குது. இங்க ஆக்குபேஷன்னா சம்பளம் வாங்கற வேலை மட்டும் இல்ல. குளிக்கறது, உடுத்தறது, சாப்பிடறது, சமைக்கறது, பேரனைத் தூக்கறது, கோயிலுக்குப் போறது, கம்ப்யூட்டர்ல ஆணி புடுங்கறது, எல்லாம் சேர்ந்ததுதான். ஒரு மனுஷனோட நாள் முழுக்க எதால நிரம்பியிருக்கோ அது. பிசியோதெரபிஸ்ட் உங்க தோள் எத்தனை டிகிரி உயருதுன்னு பார்த்து அதைக் கூட்டுவாரு. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்தத் தோளை வெச்சு நீங்க தலை சீவறீங்களான்னு பார்ப்பாரு. முடியலைன்னா உடம்பை மாத்துவாரு, இல்ல சீப்பை மாத்துவாரு, இல்ல சீவற விதத்தை மாத்துவாரு. ரெண்டு பேரும் வேணும். ஒருத்தருக்குப் பதில் இன்னொருத்தர் இல்ல.

இது நேத்து பெய்ஞ்ச மழையில முளைச்சதும் இல்ல. அமெரிக்காவுல 1917-லயே இதுக்குச் சங்கம் வந்தாச்சு. இந்தியாவுல 1950-ல பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில கமலா நிம்ப்கர் பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சாங்க. 1952-ல அகில இந்திய சங்கமே வந்துடுச்சு. புற்றுநோய்ன்னு தனியா எடுத்துக்கிட்டா, 1969-ல ஜே. ஹெர்பர்ட் டீட்ஸ்ங்கற அமெரிக்க மருத்துவர் மறுவாழ்வு சிகிச்சையை நாலு கட்டமாப் பிரிச்சு எழுதினாரு: வைத்தியம் தொடங்கறதுக்கு முன்னாடியே பாதிப்பைத் தடுக்கறது, போனதை மீட்கறது, மீளாததோட வாழப் பழக்கறது, கடைசிக் காலத்துல வலியும் சிரமமும் குறைச்சு மரியாதையா இருக்க வைக்கறது. நல்லாக் கவனிங்க, நாலாவது கட்டமும் மறுவாழ்வுதான். "இன்னும் மூணு மாசம்தான்"னு சொல்லப்பட்டவருக்கும், அந்த மூணு மாசம் தானா எழுந்து பாத்ரூம் போயிட்டு வர்றது பெரிய விஷயம். அதைக் கேட்டு வாங்க அவருக்கு உரிமை இருக்கு.

"அதெல்லாம் வெளிநாட்டுல முடியும் சார், நம்ம நாட்டுக்கு ஆடம்பரம்"னு ஒரு அண்ணன் வருவாரு. அவருக்கு வேலூர் பஸ் டிக்கெட் எடுத்துத் தரணும். வேலூர் சி.எம்.சி.யில டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால மடங்கின கைகளை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்தினாரு. நிமிர்ந்த கையை வெச்சு அவங்க எப்படிப் பிழைப்பாங்கங்கற கேள்வி அடுத்து வந்து நின்னுது. அதுக்காகவே 1950-கள்ல தனியா ஒரு நிலையம் வெச்சு, அங்க தச்சு வேலை மாதிரி கைத்தொழில் பழக்கினாங்க. அங்கேயே டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல கார் விபத்து, இடுப்புக்குக் கீழ செயலிழப்பு. சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் பண்ணினாங்க. நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்தாங்க. 1966-ல வேலூர்ல மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னாடி, இன்னிக்கு இருக்கற காசும் இல்லாத காலத்துல, தமிழ்நாட்டுல செஞ்ச வேலை இது. தொழுநோய்க்கும் முதுகுத்தண்டுக்கும் புரிஞ்ச விஷயம், புற்றுநோய்க்கு மட்டும் ஏன் ஆடம்பரமாப் போச்சு?

செலவுன்னு சொல்றவங்களுக்கு இன்னொண்ணு. தாடை இறுக்கத்துக்கு உலகம் முழுக்க சொல்லித்தர்ற ஒரு பயிற்சி என்ன தெரியுமா? ஐஸ்கிரீம் குச்சி மாதிரி தட்டைக் குச்சிகளைப் பல்லுக்கு நடுவுல அடுக்கி, கொஞ்ச நாளைக்கு ஒருதரம் ஒரு குச்சி சேர்க்கறது. குச்சி விலை என்ன, நீங்களே சொல்லுங்க. விலை குச்சிக்கு இல்ல, அதைச் சரியான நேரத்துல, சரியான விதத்துல சொல்லித்தர ஒரு ஆளுக்கு. அந்த ஆள்தான் இல்ல. பிரிட்டன்ல மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் ஆனவங்கள்ல தோள் பிரச்சனை வர வாய்ப்பு அதிகம் உள்ள 392 பெண்களை வெச்சு ஒரு ஆய்வு, 2021-ல வெளியாச்சு. ஆபரேஷன் முடிஞ்சு 7-லேர்ந்து 10 நாளுக்குள்ள முறையான பயிற்சி ஆரம்பிச்சவங்களோட கை, ஒரு வருஷம் கழிச்சு மத்தவங்களைவிட நல்லா இயங்குச்சு. போட்ட காசுக்குப் பிரயோஜனம்னும் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. காலம் தாழ்த்தினாத்தான் மக்கா செலவு. பக்கை டெஸ்டிங்ல பிடிச்சா ஒரு ரூபா, புரொடக்‌ஷன்ல பிடிச்சா நூறு ரூபா.

அடுத்து, "வெயிட் தூக்காதே." இந்த ஒரு வாக்கியத்தால இந்த நாட்டுல எத்தனை பெண்கள் ஒத்தைக் கையோட வாழறாங்களோ! 2009-லயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. கை வீக்கம் இருந்த 141 பெண்கள். ஒரு பகுதியினருக்குக் கண்காணிப்போட, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி எடை தூக்கற பயிற்சி. வீக்கம் அதிகமாகல. சொல்லப்போனா வீக்கம் திடீர்னு மோசமாறது பயிற்சி செஞ்சவங்கள்ல 14 சதவீதம், செய்யாதவங்கள்ல 29 சதவீதம். இதோட அர்த்தம் நாளைக்கே ரெண்டு குடம் தூக்குங்கன்னு இல்ல. முறையா, கற்றுக்கொண்டு, படிப்படியா. ஆனா "தூக்காதே"ன்னு சொல்லிட்டு போறது ஈஸி, எப்படித் தூக்கறதுன்னு சொல்லித்தர அரை மணி நேரம் ஆகும். எது நடக்கும்னு சொல்லவா வேணும்?

"ரெஸ்ட் எடுங்க"வும் அதே கதி. 2025-ல வெளியான ஒரு பெரிய ஆய்வு, பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிச்ச 889 பேர். பாதிப் பேருக்கு மூணு வருஷம் முறையான உடற்பயிற்சித் திட்டம், ஆளோட துணையோட. மீதிப் பேருக்கு ஆரோக்கியக் கையேடு. எட்டு வருஷத்துல உயிரோட இருந்தவங்க பயிற்சிக் குழுவுல 90.3 சதவீதம், கையேட்டுக் குழுவுல 83.2 சதவீதம். ஒரு மாத்திரை இந்த முடிவைக் காட்டியிருந்தா கம்பெனிக்காரன் பேப்பர்ல முழுப்பக்கம் விளம்பரம் குடுத்திருப்பான். இது வெறும் நடையும் பயிற்சியும், அதனால யாருக்கும் லாபம் இல்ல, அதனால சத்தமும் இல்ல. இது மறுவாழ்வோட ஒரு ஓரம்தான். ஆனா "உயிர் வேற, வாழ்க்கைத்தரம் வேற, முதல்ல உயிர்"னு பேசறவங்களுக்கு இந்த ஓரமே போதும்.

இப்ப இன்சூரன்ஸ். உங்க ஹெல்த் பாலிசியோட கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்க. காசு தர மாட்டோம்னு ஒரு பட்டியல் வழக்கமா இருக்கும். குழந்தை உணவு, அழகு நிலையச் சேவை, டெலிபோன் செலவு, டிவி செலவு... அதே வரிசையில கைப்பட்டை, ஸ்ப்ளிண்ட், நடக்க உதவற சாதனம். ஒருத்தரோட கை வேலை செய்யறதுக்கான சாமானும் ரூம்ல டிவி பார்க்கறதும் ஒண்ணு! பல லட்சத்துக்கு கீமோவுக்கு கையெழுத்துப் போடற கம்பெனி, சில ஆயிரத்து சாமானுக்கு ரூல் பேசுது.

சட்டம்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகைகள் இருக்கு. குரல்வளையை எடுத்ததால பேச்சு நிரந்தரமாப் போனவங்களை அந்தச் சட்டம் பேர் சொல்லியே சேர்த்திருக்கு, நல்ல விஷயம். கை வீங்கினவங்க, விரல் மரத்தவங்க, களைப்புல பாதி நாள் படுத்திருக்கறவங்களுக்குத் தனி வகை எதுவும் அந்தப் பட்டியல்ல இல்ல. 2021-ல வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் ஆக்குபேஷனல் தெரபியை ஒரு தொழிலா அங்கீகரிச்சாச்சு. அதே வருஷம் தமிழ்நாட்டுல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிசியோதெரபியையும் வலி தணிப்பு சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு போச்சு. வாசல் வரைக்கும் வந்தவங்க, அடுப்படி வரைக்கும் வந்து "இந்த அம்மா எப்படிச் சமைக்கறாங்க?"ன்னு பார்க்கற ஒரு ஆளையும் கூட்டிட்டு வரலாமேங்கறதுதான் என் கேள்வி.

நம்ம ஐடி மக்களையும் விட்டுட முடியாது. கீமோ முடிஞ்சு ஒருத்தர் வேலைக்குத் திரும்பினா ஹெச்.ஆர். கேக், பூங்கொத்து எல்லாம் குடுக்கும், போட்டோ எடுக்கும். மறுநாளே ஒன்பது மணி நேரம், அதே டார்கெட். கீமோவுக்கு அப்புறம் ஞாபகமும் கவனமும் கொஞ்ச காலம் தடுமாறலாம். முதல் மாசம் அரை நாள், முக்கியமான வேலை காலையில, குறிப்பெழுதிக்க நேரம், நடுவுல ஓய்வு. இவ்வளவுதான் கேக்கறது. புது ரிலீஸை மட்டும் 10 சதவீதம், 25 சதவீதம்னு படிப்படியா இறக்கத் தெரியுது, மனுஷனை இறக்கத் தெரியாதா?

நான் கேக்கறது நாலே விஷயம். ஒண்ணு, டிஸ்சார்ஜ் சீட்டுல மாத்திரைக்குக் கீழ ஒரு வரி: இவரால எதைச் செய்ய முடியல, அதுக்கு யாரைப் பார்க்கணும். ரெண்டு, புற்றுநோய்க்கு ஆபரேஷன் பண்ற ஒவ்வொரு இடத்துலயும், அரசோ தனியாரோ, ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஆபரேஷனுக்கு அப்புறம் இல்ல, முன்னாடியே ஒரு தடவை பார்க்கணும். மூணு, அழுத்த உறை, ஸ்ப்ளிண்ட் எல்லாம் வைத்தியச் செலவுதான்னு இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்கணும். நாலு, நம்ம வீட்டுக்கு. "நீ ஒண்ணும் செய்யாதே"ன்னு சொல்றதை நிறுத்திட்டு "எது செய்யணும்னு தோணுது?"ன்னு கேக்கணும். இந்த நாலாவதுக்கு ஜி.ஓ. வேண்டாம், பட்ஜெட் வேண்டாம்.

உயிர் பொழைச்சது பெரிய விஷயம்தான். அதைச் சொல்ற உரிமை பொழைச்சவங்களுக்கு மட்டும்தான். நாம சொன்னா அது வாயடைக்கறது. பொழைச்சவங்க நம்மகிட்ட கேக்கறது நன்றியுணர்ச்சிப் பாடம் இல்ல. ஒரு ஸ்பிரிங் கத்திரி, சரியான உயரத்துல ஒரு நாற்காலி, சொல்லித்தர ஒரு ஆள். பொழைச்சது எதுக்கு? வாழறதுக்குத்தானே?

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, கோடு எழுதறவன். இதைப் படிச்சுட்டு நீங்களா பயிற்சி ஆரம்பிச்சுடாதீங்க. கை திடீர்னு சிவந்து சூடாகி வீங்கினா அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. உங்க ஊர்ல நல்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க, யாருக்காவது உதவும். "ஆடம்பரம்"னு சொல்ற அண்ணனும் தாராளமா வரலாம். கும்மி அடிக்க நான் ரெடி.